சட்டைப் பைக்குள் ஒரு கமரா: பெற்றதும் இழந்ததும்

நமது ஊரில் ஒருவர் காலமானால், 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு முன்னர் அவ்வீட்டாருக்கு ஒரு கடமை காத்திருக்கும். கல்வெட்டு எனப்படும் நினைவு மலரை அச்சிட வேண்டும். அதன் முகப்பில் அன்னாரின் படமொன்று இடம்பெற வேண்டும். சென்ற ஆண்டு எமது அயலிலே ஒரு முதியவர் இறந்தபோது, அவர் பிள்ளைகள் இத்தகைய படமொன்றைத் தேடி மூன்று நாள் அலைந்தனர். கைத்தொலைபேசிகளிலும் பழைய மெமரி காட்டுகளிலும் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. பேரப்பிள்ளையின் பிறந்தநாட் கேக் பத்துப் படங்களில் இருந்தது. வீட்டு நாய்கூட நன்றாக விழுந்திருந்தது. பெரியவரோ ஒன்றில் பாதி முகத்துடன் இருந்தார். மற்றொன்றிற் கண் சிவந்திருந்தார். வேறொன்றில் இருளுக்குள் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார். ஈற்றில் அடையாள அட்டைக்காக முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்ரூடியோவில் எடுத்த சிறு படத்தையே பெருப்பித்து அச்சிட்டனர்.

படங்கள் மலிந்த வீட்டிலே ஒரு முகம் கிடையாமற் போனது எங்ஙனம்? பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு இக்கேள்வி பல நாள் மனத்தில் நின்றது. கமரா சிறுத்து, மலிந்து, நமது சட்டைப் பைக்குள் அடங்கியபோது நாம் பெற்றவை பல. கொடுத்த விலையும் ஒன்றுண்டு. அவ்விலையை அறிந்தவர் சிறிய கமராவாலும் சிறந்த படம் எடுப்பர். அறியாதவருக்கு எண்ணிக்கை மட்டுமே மிஞ்சும்.

பெரும் பெட்டி சிறுத்த கதை

படம்பிடித்தலை எளியோர்க்கும் உரியதாக்கும் முயற்சி புதியதன்று. 1900 ஆம் ஆண்டிலேயே கொடக் நிறுவனத்தார் 'பிறவுணி' என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றனர். 1975 இல் அதே நிறுவனத்துப் பொறியியலாளரான ஸ்ரீவன் சசன் என்பவர் பிலிம் இல்லாத கமரா ஒன்றை அமைத்தார். அதன் நிறை ஏறக்குறைய 3.6 கிலோகிராம். அது எடுத்த படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள் மாத்திரமே. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. அப்பெட்டியே முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு சவர்க்காரக் கட்டியின் அளவினதாகச் சுருங்கிவிட்டது. யப்பானியத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010 ஆம் ஆண்டில் மட்டும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிற்றல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை மலிவான கையடக்கக் கமராக்களே.

அவை நமது குடாநாட்டை வந்தடைந்த காலத்தை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். 1990 இன் பின்னர் மின்சாரமின்றி, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகி, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் மழையிலே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, எமது வீட்டாரும் அரிசியையும் உறுதிகளையும் எடுத்துக்கொண்டு நடந்தனர். அல்பங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். சில நாளில் திரும்பிவிடலாம் என்பது எண்ணம். மறு ஆண்டு திரும்பியபோது, சிதைந்த கூரையால் மழை ஒழுகி, அல்பங்கள் யாவும் கறையானுக்கு இரையாகிக் கிடந்தன. பெற்றோரின் திருமணம், எமது ஏடு தொடக்கல், தமக்கையாரின் அரங்கேற்றம் என யாவும் ஒருபிடி மண்ணாகக் கையில் உதிர்ந்தன.

2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. மறு ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்த தமையனார் 3 மெகா பிக்ஸல் கமரா ஒன்றை எமது கையிலே தந்து சென்றார். அதனை எடுத்துக்கொண்டு உறவினர் வீடுதோறும் சென்றோம். எமது வீட்டில் அழிந்த படங்களின் பிரதிகள் வடமராட்சியில் ஒரு சுவரிலும், தீவகத்தில் ஒரு பெட்டியடியிலும் இருந்தன. விறாந்தை நிழலிலே அவற்றைச் சாய்த்துவைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடித்தோம். ஒரு வாரத்தில் 140 படங்கள். பிலிமாயின் 36 படங்கள் கொண்ட சுருள் நான்கு வேண்டும்; கழுவும் செலவும் வேறு. சிறிய கமரா எமக்குச் செய்த முதல் உபகாரம் இது. இழந்த அல்பத்தின் பாதியை அதுவே மீட்டுத் தந்தது.

மழையும் சிரட்டையும்

இனி அதன் குறையைப் பார்ப்போம். நமது குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மழையே நமது நீர். எனவே மழையை உவமையாகக் கொள்வது நமது மாணவருக்கு எளிதாகும். ஒளியும் மழையைப் போலத் துளித்துளியாகவே வந்து விழுகின்றது. கமராவினுள்ளே இருக்கும் உணரி, முற்றத்தில் நெருக்கமாக அடுக்கிய பாத்திரங்களைப் போன்றது. ஒவ்வொரு பாத்திரத்திலும் எத்தனை துளி விழுந்தது என்ற கணக்கே படமாகின்றது.

பழைய பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும். பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். மலிவான கையடக்கக் கமராவின் உணரியோ பெரும்பாலும் 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. பரப்பு ஏறக்குறைய 28 சதுர மில்லிமீற்றர். அதாவது முப்பதில் ஒரு பங்கு. அங்கே முற்றம் நிறையக் கிடாரங்கள். இங்கே ஒரு மூலையிற் சில சிரட்டைகள். பெருமழை பெய்தாற் கிடாரமும் நிரம்பும், சிரட்டையும் நிரம்பும், குறையில்லை. தூறலின்போதோ ஒரு சிரட்டையில் மூன்று துளி, அடுத்ததில் ஏழு துளி, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை என ஆகிவிடும். ஒரே நிறமான கன்னத்தில் அந்த ஏற்றத்தாழ்வே புள்ளிகளாகத் தோன்றுகின்றது.

ஆகவே நல்லூர்க் கந்தனின் தேரைக் காலை வெயிலில் எடுத்தால், சிறிய கமரா பெரிய கமராவுடன் சரிக்குச் சரி நிற்கும். முதல்நாள் சப்பறத்தை இருட்டும் வேளையில் எடுத்தால் அது தோற்றுப்போகும். தவறு எடுத்தவரின் கையில் இல்லை. தூறலுக்குச் சிரட்டை வைத்ததுதான் காரணம்.

சிறுமைக்கு ஒரு நன்மையும் உண்டு. சிறு உணரிக்குச் சிறு வில்லையே போதும். அத்தகைய வில்லையில் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாக விழும். முன்வரிசைக் குழந்தையும் பின்வரிசைப் பாட்டனாரும் ஒருமிக்கத் தெளிவாகத் தெரிவர். பூ, பூச்சி, பழைய பத்திரிகைத் துணுக்கு ஆகியவற்றைக் கிட்டநின்று எடுப்பதற்கும் இது வாய்ப்பானது.

மெகா பிக்ஸல் மயக்கம்

கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது, "எத்தனை மெகா பிக்ஸல்?" என்பதே. மெகா பிக்ஸல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். அஞ்சலட்டை அளவான, 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் தேவைப்படுவது ஏறக்குறைய 22 இலட்சம் புள்ளிகளே. கல்வெட்டின் முகப்புக்கு அதன் இருமடங்கு தாராளம். அவ்வாறாயின் 16 மெகா பிக்ஸல் எதற்கு?

அந்த 28 சதுர மில்லிமீற்றருக்குள் 16 மெகா பிக்ஸலை அடக்கினால், ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 1.3 பங்காகும். ஆனால் ஒளி ஒரு சிறு துவாரத்தினூடு செல்லும்போது சற்றே பரவுகின்றது என்பது இயற்கை விதி. இத்தகைய கமராவிலே தூரத்துப் பொருளைக் கிட்டவாக்க வில்லையை நீட்டும்போது, ஒரு நட்சத்திரத்தின் ஒளிகூட ஆயிரத்தில் எட்டுப் பங்கு அகலமான வட்டமாகவே விழும். ஒரு துளி பல சிரட்டைகளை நனைத்தால், சிரட்டைகளைக் கூட்டி என்ன பயன்? பெட்டியில் அச்சிடுவதற்கு எண் எளிதானது. வில்லையின் தரத்தையும் உணரியின் பரப்பையும் அவ்வளவு எளிதில் விளம்பரப்படுத்த முடியாது. மயக்கத்தின் மூலம் இதுவே.

பிந்திய படமும் சிவந்த கண்ணும்

கையடக்கக் கமராவிலே பொத்தானை அழுத்திய கணத்திற் படம் விழுவதில்லை. அது முதலிலே தெளிவைத் தேடி வில்லையை முன்னும் பின்னும் அசைக்கும்; பின்னரே பதியும். இதற்கு அரை விநாடி செல்லலாம். பழைய கமராவில் ஒரு விநாடியும் செல்லும். தாலி கட்டும் கணத்தை எடுக்க அழுத்தினாற் கட்டி முடிந்த கையே விழும். பொத்தானை முன்னரே பாதியளவு அழுத்திப் பிடித்து, உரிய கணத்தில் முழுவதும் அழுத்துவது இதற்குப் பரிகாரம்.

பிளாஷ் விளக்கின் குறையும் சிறுமையின் விளைவே. பெட்டி சிறுக்கச் சிறுக்க விளக்கு வில்லைக்கு நெருங்கி வருகின்றது. ஒளி நேரே கண்ணுட் புகுந்து, பின்புறத்துக் குருதி நாளங்களிற் பட்டு, வந்த வழியே திரும்புகின்றது, கண் சிவக்கின்றது. அன்றியும் அவ்விளக்கு மூன்று நான்கு மீற்றருக்கு அப்பாற் செல்லாது. மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து மேடையை நோக்கி அதனை மின்னுதல், முன்னிருப்பவரின் பிடரியைத் துலக்கவே உதவும்.

இன்னுமொன்று: சோளகக் காற்று வீசும் மாதங்களில் நமது மணல் எங்கும் புகும். நீண்டு சுருங்கும் வில்லைக் குழாயில் ஒரு மணல் சிக்கினால், திருத்தும் கூலி கமராவின் விலையை மிஞ்சிவிடும்.

இரண்டு படங்கள்

எமது அம்மம்மாவுக்கு அப்போது 88 வயது. 2004 ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, பட்டுச் சேலை உடுத்துவித்து, திருநீறு பூசி, அறையினுள் நாற்காலியில் இருத்தி, பத்துப் படங்கள் எடுத்தோம். பிளாஷ் அவருக்குக் கண் கூசும் என்பதால் அதனை நிறுத்திவிட்டு, மேலே தொங்கிய மின்குமிழை நம்பினோம். மறுநாட் காலை பத்து மணியளவில், தமக்கையாரின் ஏழு வயது மகன் அதே கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேப்பமர நிழலிலே முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மம்மாவை ஒரு படம் எடுத்தான். "என்ன மோனே, இந்தக் கோலத்திலையோ படம் எடுக்கிறாய்?" என்று கேட்டவர் சிரித்துவிட்டார். சிறுபிள்ளை விளையாட்டென நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

2006 ஓகஸ்டிலே வீதி மீண்டும் மூடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அம்மம்மா காலமானார். தமையனாரால் வர இயலவில்லை. கல்வெட்டுக்குப் படம் தேடியபோது, நாம் கவனமாக எடுத்த பத்தும் கையசைவாற் கலங்கிப் புள்ளி நிறைந்து பயனற்றுக் கிடந்தன. சிறுவன் எடுத்ததோ சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிய, சிரித்த முகமாய் இருந்தது. கமரா ஒன்றே, வெளிச்சம் வேறு. அப்படமே முகப்பில் அச்சாயிற்று; அதனையே மின்னஞ்சலில் தமையனாருக்கும் அனுப்பினோம். அவர் அதனை அச்சிட்டு, விளக்கேற்றி, அங்கிருந்தபடியே அஞ்சலி செலுத்தினார்.

பின்னர் நிகழ்ந்ததையும் மறையாமற் கூறுவோம். மெமரி காட்டைத் துடைத்துப் புதிய படங்களுக்குப் பயன்படுத்தினோம். கணினியும் சில ஆண்டுகளிற் பழுதடைந்தது. கறையான் தின்ற அல்பத்துக்காக அழுத நாமே, கறையானின் உதவியின்றி இரண்டாம் முறையும் படங்களை அழித்தோம். மிஞ்சியது, அச்சிட்ட அந்த ஒரு பிரதியும் ரொறன்ரோவிலுள்ள பிரதியுமே. படத்தின் மூலையில் 2000 ஜனவரி 1 என்ற பிழையான திகதி உள்ளது. பற்றரி கழற்றப்பட்டபோது கமராவின் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பியிருந்தது. ஆயினும் அம்மா அதன் பின்புறத்தில் பேனையால் பெயரும் ஊரும் தமிழ் மாதமும் எழுதிவைத்திருந்தார். எந்திரம் தவறவிட்டதை அந்தப் பேனை காத்தது.

செய்யத்தக்கவை

இன்று கைத்தொலைபேசியே பெரும்பாலோரின் கமரா. அதன் உணரியும் சிறியதே. எனினும் அது பல படங்களை ஒரு கணத்தில் எடுத்து, கணித்து, ஒன்றாக்கிக் குறையை மறைக்கின்றது. இவ்வாறிருக்க, இளைஞர் சிலர் பழைய கையடக்கக் கமராக்களை மீண்டும் தேடுகின்றனர். 2025 இலே கொடக் பெயரைத் தாங்கி, சாவிக் கோவையிற் கொழுவத்தக்க, 30 கிராம் நிறையும் 1.6 மெகா பிக்ஸலும் கொண்ட கமரா ஒன்று ஏறக்குறைய 30 டொலருக்கு வெளிவந்தது. மாணவர் எம்மிடம் "வாங்கலாமோ, சேர்?" எனக் கேட்கின்றனர். வாங்கலாம், எதை வாங்குகின்றோம் என்பதை அறிந்து வாங்குக.

வாங்குமுன் மெகா பிக்ஸலைக் கேளாது உணரியின் அளவைக் கேளுங்கள். பழைய கமராவாயின், அதற்கேற்ற பற்றரியும் மெமரி காட்டும் இன்னும் கிடைக்கின்றனவா என விசாரியுங்கள். எடுக்கும்போது முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்; விறாந்தையும் மரநிழலும் எந்த ஸ்ரூடியோவுக்கும் குறைந்தவை அல்ல. கமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். எடுத்தவற்றில் இரண்டு பிரதிகள் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் அச்சிட்டு, பின்புறத்திற் பெயரும் நாளும் எழுதுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலே ஒரு வேலை செய்யலாம். அப்புவையோ அம்மம்மாவையோ காலை வெயில் ஏறுமுன் முற்றத்து நிழலில் இருத்தி, ஒரு பழங்கதை கேளுங்கள். அவர்கள் சிரிக்கும்போது எடுங்கள். எந்தக் கமராவானாலும் போதும்.