ஆற்றின் நீர்மட்டமும் பதிவுக்கருவியின் எண்ணும்

வெள்ளக் காலத்தில் ஆற்றின் நீர்மட்டம் சில சென்டிமீட்டர் தவறாக அறியப்படினும் அதன் விளைவு பெரிதாகக் கூடும். டில்லியில் யமுனையின் பழைய ரயில்வே பாலத்தருகே அபாய மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 205.33 மீட்டர் என வகுக்கப்பட்டுள்ளது. 1958-ஆம் ஆண்டில் நம் நாட்டில் முறையான வெள்ள முன்னறிவிப்புப் பணி தொடங்கியது டில்லி யமுனையை முன்னிட்டேயாகும். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நீர் 208.66 மீட்டர் வரை உயர்ந்து, 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்னும் பழைய உச்சத்தைக் கடந்தது. இவ்வெண்கள் யாவும் சென்டிமீட்டர் வரை கூறப்படுவதை நோக்குக. கரையோர மக்களை எப்பொழுது அகற்றுவது என்ற முடிவுக்கு இவையே ஆதாரமாகும்.

இக்காலத்தில் பல நிலையங்களில் ‘டேட்டா லாகர்’ எனப்படும் பதிவுக்கருவிகள் இரவும் பகலும் மட்டத்தைக் குறித்து வருகின்றன. ஆயினும் அக்கருவி மீட்டரை அறியாது. அது அறிவது எண் ஒன்றையே. அவ்வெண் அளவாக மாறுவது எவ்வாறு?

எண் பிறக்கும் விதம்

நீரின் அடியில் பொருத்தப்படும் அழுத்த உணர்கருவி ஒன்றை உதாரணமாகக் கொள்க. நீர் இல்லாதபொழுது அது 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையும், 10 மீட்டர் ஆழத்தில் 20 மில்லி ஆம்பியரையும் தருகிறது. இம்மின்னோட்டம் 250 ஓம் தடையின் வழியே செல்லுங்கால் 1 வோல்ட் முதல் 5 வோல்ட் வரை மின்னழுத்தம் உண்டாகிறது. பதிவுக்கருவி 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள எல்லையை 0 முதல் 4095 வரையுள்ள எண்களாகப் பகுக்கிறது. எனவே வறண்ட நிலைக்கு எண் 819; 10 மீட்டருக்கு எண் 4095. இடைப்பட்ட 3276 படிகள் 10 மீட்டரைக் குறிப்பதால், ஒரு படி ஏறத்தாழ 3.05 மில்லிமீட்டராகும்.

பெற்ற எண்ணிலிருந்து 819-ஐக் கழித்து, எஞ்சியதை 3.05-ஆல் பெருக்கினால் ஆழம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எண் 2457 எனில் ஆழம் 5 மீட்டர். உணர்கருவி 200.00 மீட்டர் மட்டத்தில் இருப்பின் நீர்மட்டம் 205.00 மீட்டர். பள்ளியில் கற்பிக்கப்படும் நேர்கோட்டுச் சமன்பாடே இது. கழிக்கும் எண் தொடக்கத்தையும், பெருக்கும் எண் சரிவையும் குறிக்கின்றன.

மின்னோட்டம் சுழியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவதற்குக் காரணமுண்டு. கம்பி அறுந்தால் எண் சுழியத்திற்கு இறங்கிவிடும். அதனால் வறண்ட ஆற்றையும் அறுந்த கம்பியையும் வேறு பிரித்தறிய இயலும்.

ஓரிடத்துச் சோதனை போதாது

உற்பத்தியாளர் தரும் எண்களை அவ்வாறே ஏற்பது தகாது. தெளிவான நெடுங்குழாயில் நீர் நிரப்பி உணர்கருவியைச் சோதித்தபொழுது, 0.50 மீட்டர் ஆழத்தில் 981-உம், 2.00 மீட்டர் ஆழத்தில் 1462-உம் வந்ததாகக் கொள்க. 1.50 மீட்டருக்கு 481 படிகள். ஆகவே ஒரு படி 3.12 மில்லிமீட்டர். சுழிய ஆழத்திற்குரிய எண் 821 எனக் கணக்கிடலாம். தொடக்கம் ஏறக்குறைய சரியே, சரிவுதான் பிழைபட்டுள்ளது.

இப்பிழை 1 மீட்டர் ஆழத்தில் 2 சென்டிமீட்டரும் இராது. கோடையில் கரையின் அளவுப்பலகையோடு ஒப்பிடும் பணியாளர் கருவி செம்மையாக உள்ளதென்றே எண்ணுவார். ஆனால் 8.66 மீட்டர் ஆழத்தில் அக்கருவியே உண்மையினும் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். அமைதிக் காலத்தில் மறைந்திருந்து, ஆபத்துக் காலத்தில் வெளிப்படுவது சரிவுப் பிழையின் இயல்பு. ஆதலின் ஒன்றுக்கொன்று இயன்றவரை விலகிய இரண்டு ஆழங்களிலேனும் சோதித்தல் இன்றியமையாதது. மூன்றாவது ஆழமொன்றில் விடையைச் சரிபார்த்தல் இன்னும் நன்று.

காற்றுக்குழலில் கவனம்

இவ்வகை உணர்கருவியின் வடத்தினுள் நுண்ணிய காற்றுக்குழல் ஒன்று செல்லும். நீரின் மேலுள்ள வளிமண்டல அழுத்தத்தை ஈடுசெய்வது அதன் வேலை. ஈரத்தாலோ பூச்சியாலோ அது அடைபட்டால் அவ்வீடு நடைபெறாது. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். புயல் நெருங்கி வளிமண்டல அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் தாழ்ந்தால், கருவி நீர்மட்டத்தை 20 சென்டிமீட்டர் குறைத்துக் கூறும். குழல் முனையிலுள்ள ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் நிறம் மாறியவுடன் அதனை மாற்றிவிடுக.

பாதுகாக்க வேண்டியவை

திருத்தப்பட்ட மட்டத்தை மட்டும் சேமித்து மூல எண்ணை அழித்துவிடல் கூடாது. மூல எண், கழிக்கும் எண், பெருக்கும் எண், அவை நடைமுறைக்கு வந்த நாள், சோதனையின்போது அளவுப்பலகை காட்டிய மட்டம் ஆகியவை பதிவேட்டில் இடம்பெற வேண்டும். இவை இருப்பின், பின்னர் பிழை கண்டுபிடிக்கப்பட்டாலும் பழைய அளவுகளை மீண்டும் கணக்கிட்டுக் கொள்ளலாம். மூல எண் அழிந்தால் அதற்கு வழியில்லை.

ஆசிரியர்கள் நெடுங்குழாய்ச் சோதனையை வகுப்பறையிலும் செய்து காட்டலாம். இரு புள்ளிகள் ஒரு கோட்டை நிர்ணயிக்கின்றன என்னும் பாடம் வரைதாளோடு நில்லாது, ஆற்றங்கரை மக்களின் பாதுகாப்புக்கும் உதவுவதை மாணவர் அதனால் உணர்வர்.