சம்பளமும் குணமும்

பிள்ளையைச் சுமந்து, பெற்று, பாலூட்டும் பாரம் எந்தப் பாலின்மீது மிகுதியாக விழுகிறதோ, அந்தப் பாலே துணையைத் தேர்வதில் கூடுதல் கறார் காட்டும் என்று 1972-இல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் முன்வைத்த கருத்துக்குப் பெற்றோர் முதலீடு என்று பெயர். உடலுறுப்புகளைப் போலவே மனத்தின் விருப்பு வெறுப்புகளையும் இயற்கைத் தேர்வு வடித்திருக்கிறது என்று கொள்ளும் பரிணாம உளவியல் இதைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. 33 நாடுகளில் 10,047 பேரைக் கேட்டு உளவியலாளர் டேவிட் பஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் துணைவரின் சம்பாத்தியத்துக்கும் ஆண்கள் துணைவியின் இளமைக்கும் அழகுக்கும் பொதுவாகக் கூடுதல் மதிப்பளித்திருந்தனர்.

ஆனால், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கும் வீட்டில் பெண்ணும் சம்பளக்காரியாகிவிட்டால் இந்தக் கணக்கு என்னவாகும்? மலேசியாவில் 1971-இல் வந்த தடையில்லா வணிக வட்டாரச் சட்டத்தைத் தொடர்ந்து பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய சுங்கை வேயில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் பெருவாரியாக இளம்பெண்களையே வேலைக்கு எடுத்தன. மயிரிழை போன்ற தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் கண்பதித்துச் சில்லோடு இணைத்த அந்தப் பெண்களுக்கு ஊரார் ‘மினா காரான்’ என்று பட்டம் சூட்டினர். காரான் என்பது மின்சாரத்துக்கான மலாய்ப் பேச்சுச் சொல்தான் என்றாலும், பட்டத்தில் ஒலித்தது அவர்களுடைய நடத்தைமீதான சந்தேகம். கற்புக்குத் தரும் மதிப்பே நாட்டுக்கு நாடு மிக அதிகமாக வேறுபடுகிறது என்று பஸ்ஸின் ஆய்வே காட்டியிருப்பதால், இந்தச் சந்தேகத்தை இயற்கையின் தலையில் முழுவதும் கட்டிவிட முடியாது.

பஸ்ஸின் தரவுகளையே 1999-இல் மறுபடி அலசிய உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும், துணையின் வருமானத்தை ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக நாடும் வேறுபாடு பாலினச் சமத்துவம் கூடிய சமூகங்களில் குறைவதாகக் கண்டனர். 45 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்விலோ அந்த வேறுபாடு பெரும்பாலும் நிலைத்தே நின்றது. வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்தச் சர்ச்சையின் இரைச்சலில் அமுங்கிப்போன செய்தி ஒன்றுண்டு: பஸ்ஸின் பட்டியலில் இருபாலாரும் பணத்துக்கும் அழகுக்கும் மேலே வைத்தவை பரஸ்பர அன்பும் நம்பத்தக்க குணமும் நிதானமான மனமுமே. கிள்ளான் பள்ளத்தாக்கில் வரன் பார்ப்பவர்கள் சம்பளம் எத்தனை வெள்ளி என்பதை நேராகவே கேட்டுவிடுகிறார்கள். தம்பி தண்ணி போடுவாரா, ஒரே வேலையில் நிலைத்து நிற்பாரா என்பதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார்கள்.