வெளிநாட்டவர் வீடு மாறினால்: வாடகைக்கு விட்டவரும் குடியிருப்பவரும் செய்ய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் பள்ளியின் அலுவலக அறையில் அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞர் வந்து நின்றார். ஆப்பிரிக்க நாடொன்றிலிருந்து வந்து, பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிப்பவர். விடுதியிலிருந்து வெளியேறி, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு ஹாஜியாரின் மாடி வீட்டில் குடியேறியிருந்தார். விசாவை நீட்டிக்க விண்ணப்பித்திருக்கிறார். பதிவில் இருப்பது விடுதி முகவரி, விண்ணப்பத்தில் இருப்பது வீட்டு முகவரி. புதிய முகவரிக்கு உரிய பதிவு இல்லை என்று விண்ணப்பம் நின்றுவிட்டது. விசா முடிய மூன்று வாரமே மிச்சம்.

ஹாஜியாரை அழைத்துக் கேட்டோம். "ஹஜ்ரத், வாடகைக்காரர் விவரத்தை போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேனே! இதற்கு மேல் என்ன இருக்கிறது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் பகுதியில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே இதைச் சற்று விரிவாக விளக்குவது அவசியமாகிறது.

மூன்றும் வெவ்வேறு

வெளிநாட்டவர் ஒருவர் வீடு மாறும்போது மூன்று பதிவுகள் நடக்க வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டால் மற்றவை முடிந்துவிட்டதாக ஆகாது.

முதலாவது, காவல் நிலையத்தில் தரும் வாடகைதாரர் விவரம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. வாடகைதாரர் உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்று பாராமல் தரும் விவரம் இது. ஹாஜியார் செய்தது இதை மட்டும்தான்.

இரண்டாவது, வீட்டு உரிமையாளர் குடியேற்றத் துறைக்குத் தரும், 'சி' படிவம் என்று பரவலாக அறியப்படும் படிவம். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் இதைப் பதிவு செய்ய வேண்டும். இது லாட்ஜ்களுக்கு மட்டும் உரியது என்பது தவறான எண்ணம். தனி வீடு, விடுதி, மருத்துவமனை, விருந்தினர் அறை என இடம் எதுவானாலும், தங்க இடம் கொடுத்தவரே பொறுப்பு. வாடகை வாங்காமல் தங்க வைத்தாலும் அப்படியே. இலங்கையிலிருந்து சிகிச்சைக்காக வரும் குடும்பத்துக்கு வீடு கொடுப்பவர்களும், வெளிநாட்டு முஸாஃபிர்களுக்கு அறை கொடுக்கும் பள்ளி நிர்வாகிகளும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, குடியிருப்பவரே செய்ய வேண்டிய முகவரி மாற்றப் பதிவு. 180 நாட்களுக்கு மேற்பட்ட காலத்துக்கு மாணவர், வேலை, ஆய்வு, மருத்துவ விசாக்களில் வருபவர்கள் பொதுவாக நாட்டுக்குள் வந்த 14 நாட்களுக்குள் தம்மைப் பதிவு செய்கிறார்கள். அப்படிப் பதிவானவர் வீடு மாறினால் அதையும் தெரிவித்தாக வேண்டும்.

எங்கே, எப்படி?

இதற்குப் பொறுப்பானது உள்துறை அமைச்சகத்தின் குடியேற்றப் பிரிவைச் சேர்ந்த வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம். சென்னையில் அது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் நேரில் அலைய வேண்டியதில்லை. 2018 முதல் நாடு முழுவதும் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணைய சேவை நடைமுறையில் உள்ளது. பதிவு, விசா நீட்டிப்பு, முகவரி மாற்றம், பாஸ்போர்ட் விவர மாற்றம் எல்லாவற்றுக்கும் அதிலேயே விண்ணப்பிக்கலாம். அலுவலகம் அழைத்தால் மட்டும் நேரில் போனால் போதும்.

வீட்டு உரிமையாளர் அதே துறையின் 'சி' படிவ இணையப் பக்கத்தில் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்க வேண்டும். பிறகு குடியிருப்பவரின் பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்கு வந்த தேதி, இதற்கு முன் தங்கியிருந்த இடம், இங்கே தங்கும் காலம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். முடித்ததும் ஒரு பிரதியை அச்செடுத்து அவரிடம் கொடுங்கள். அவருடைய விண்ணப்பத்துக்கு அது தேவைப்படும்.

வாடகை ஒப்பந்தத்தை வாய்மொழியோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்துகிறது. முகவரிச் சான்றாக வெளிநாட்டவரிடம் கேட்கப்படுவதும் அந்த ஒப்பந்தம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கடமை புதிதல்ல. 1939-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டமும் 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. அவற்றையும் வேறு இரண்டு சட்டங்களையும் நீக்கிவிட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துள்ளது. விசாக் காலம் முடிந்தும் தங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இதில் இடமுண்டு. வீட்டு உரிமையாளரின் ஒரு சிறு அலட்சியத்தால் நீட்டிப்பு நின்றுபோனால், அந்த மாணவர் எந்த வாசலில் போய் நிற்க நேரிடும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் வசிக்கும் ஓ.சி.ஐ. அட்டைதாரர்களுக்கு இந்தப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் 2021 மார்ச் அறிவிக்கையின்படி, நிரந்தர முகவரியோ தொழிலோ மாறினால் அவர்களும் மின்னஞ்சல் மூலம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கெடுபிடியும் அல்ல. அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவர் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஜப்பானில் 14 நாட்கள். ஜெர்மனியில் இரண்டு வாரம். அங்கேயுள்ள நம் பிள்ளைகள் முணுமுணுக்காமல் செய்வதை, இங்கே வந்தவர் செய்வதற்கு நாம் துணை நிற்க வேண்டாமா?

சந்தேகம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

இதைக் கேட்டவுடன் சிலர், "வம்பே வேண்டாம், வெளிநாட்டுக்காரருக்கு வீடே கொடுக்க மாட்டேன்" என்கிறார்கள். அரை மணி நேர வேலைக்குப் பயந்து, படிக்க வந்தவரையும் நோயாளியையும் தெருவில் நிறுத்துவது நியாயமாகாது.

இன்னும் சிலர் எதிர்த் திசையில் போகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மேற்கு வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து உழைப்பவர்கள் ஏராளம். வங்காள மொழி பேசுவதாலோ முஸ்லிம் பெயர் வைத்திருப்பதாலோ ஒருவர் வெளிநாட்டவர் ஆகிவிட மாட்டார். அவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு 'சி' படிவம் இல்லை, காவல் நிலைய விவரம் போதும்.

பாஸ்போர்ட்டின் பிரதியை மட்டும் வாங்குங்கள். அசலை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அந்தப் பிரதியை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவது நம் கையில் தரப்பட்ட அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

ஒரு நாட்டின் அனுமதியோடு அதற்குள் நுழைபவரை நம் ஃபிக்ஹு நூல்கள் 'முஸ்தஃமின்' என்று அழைக்கின்றன. பாதுகாப்பு வாக்குப் பெற்றவர் என்பது பொருள். வாக்குப் பெற்றவர் அதன் நிபந்தனைகளைக் காக்க வேண்டும். கொடுத்த தரப்பு அவரைக் காக்க வேண்டும். இன்றைய விசா ஏறத்தாழ அத்தகைய உடன்படிக்கைதான். அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதே உடன்படிக்கைகளை நிறைவேற்றும் கட்டளையோடுதான் என்பதை நாம் அறிவோம்.

தாமதமாகிவிட்டால்?

மறைக்காதீர்கள். தேதியை மாற்றி எழுதாதீர்கள். உண்மையான தேதியைப் போட்டு, தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி இன்றே பதிவு செய்யுங்கள்.

ஹாஜியார் அன்று மாலையே தம் மகனை உட்காரவைத்து 'சி' படிவத்தைப் பதிவு செய்தார். ஒப்பந்தமும் எழுதப்பட்டது. மாணவர் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, தாமதத்துக்கு விளக்கக் கடிதமும் இணைத்தார். விசா முடிய நான்கு நாட்கள் இருக்கும்போது நீட்டிப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மூன்று வாரமும் அவர் சரியாக உறங்கவில்லை என்று பிறகு சொன்னார். அவருடைய உறக்கம் ஹாஜியாரின் அரை மணி நேரத்தில் அடங்கியிருந்தது. உங்கள் வீட்டு மாடியில் இன்று ஒரு வெளிநாட்டவர் குடியிருந்தால், இதைப் படித்து முடித்ததும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "தம்பி, உங்கள் பதிவில் இருப்பது இந்த முகவரிதானா?"