வென்றவரை அழவைத்த நாடகம்

கி. மு. 415ஆம் ஆண்டின் இளவேனிற் காலம். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் தெய்வத்திற்குப் பெருவிழா நடைபெறுகின்றது. மலைச்சரிவில் அமைந்த அரங்கிலே மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடியிருக்கின்றனர். மேடையில் நாம் காண்பது வெற்றி வீரரை அன்று. எரிந்த நகரின் முன்னே மண்ணிற் கிடந்து புலம்பும் முதியவள் ஒருத்தியையே. அவள் துரோய் நகரின் அரசியாயிருந்த ஹெக்கியூபா. நாடகம், யூரிப்பிடீஸ் இயற்றிய ‘துரோய்ப் பெண்கள்’.

இந்நாடகத்தின் பொருளை உணர, அவ்வரங்கை நாம் முதலில் அறிதல் வேண்டும். பாரசீகரை எதிர்க்கும் நோக்குடன் கி. மு. 478இல் கிரேக்க நகரங்கள் பல ஏதென்ஸின் தலைமையில் ஒன்றுகூடின. நாளடைவில் நட்பு நகரங்கள் திறை செலுத்தும் நகரங்களாயின. டீலோஸ் தீவிலிருந்த பொதுநிதி கி. மு. 454இல் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. இவ்விழாக் காலத்திலேயே திறைப்பொருள் வந்து சேர்ந்தது. அரங்கிலே மக்கள் காண அது வைக்கப்பட்டது. போரில் மாண்டோரின் மைந்தர் படைக்கலம் பூண்டு அங்கேயே அணிவகுத்தனர். பேரரசு தன் பெருமையைத் தானே கண்டு களித்த இடம் அது.

அதே அரங்கிலேதான் பகைவரின் கண்ணீரும் காட்டப்பட்டது. மராத்தன் போரிலே தாமே பொருத ஈஸ்கிலஸ், கி. மு. 472இல் ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தில், தோற்ற பாரசீகரின் துயரையே மேடையேற்றினார். யூரிப்பிடீஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார்.

அவர் நாடகம் அரங்கேறுவதற்குச் சில மாதங்களின் முன்னர், நடுநிலை நிற்க விரும்பிய மீலோஸ் என்னும் சிறு தீவை ஏதென்ஸ் பணியவைத்தது. ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாயினர். யூரிப்பிடீஸ் மீலோஸின் பெயரைக் கூறவில்லை. அதனை எண்ணியே எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆயினும் துரோய்ப் பெண்களை வென்றோர் பங்கிட்டுக்கொள்ளும் காட்சியைக் கண்டோர் வேறெதனை நினைத்திருப்பர்?

ஹெக்டரின் சிறுமகன், வளர்ந்தாற் பழிவாங்குவான் என்ற அச்சத்தினால், மதிலிலிருந்து எறியப்படுகின்றான். தந்தையின் கேடயத்திலே கிடத்தி அவனை அடக்கம் செய்கின்றனர். ஒரு குழந்தைக்கு அஞ்சுவதும் வீரமாகுமோ என்பதே பாட்டி ஹெக்கியூபாவின் வினா. ஏதென்ஸின் காவற்றெய்வமாகிய அதீனாவே, தன் கோயிலின் புனிதத்தைக் கெடுத்த கிரேக்கரின் கப்பல்களைக் கடலில் அழிக்க நாடகத் தொடக்கத்திலேயே துணிகின்றாள். வென்றவர்க்கும் அழிவு காத்திருக்கின்றது என்பதை அவையோர் அறிவர். மேடையிலுள்ள வீரர் அறியார்.

நாடகத்திற்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே ஏதென்ஸின் பெருங்கடற்படை சிசிலித் தீவை வெல்லப் புறப்பட்டது. கி. மு. 413இல் அப்படை முற்றாக அழிந்தது. சிறைப்பட்டோர் ஏழாயிரத்திற்குக் குறையார் என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். அவர்கள் சிரக்கியூஸ் நகரின் கல்லகழும் குழிகளில் அடைக்கப்பட்டு, பசியாலும் நோயாலும் வாடினர்.

அத்தோல்வியைப் பற்றிப் புளூட்டாக் ஒரு செய்தி கூறுகின்றார். சிசிலி மக்கள் யூரிப்பிடீஸின் பாடல்களிற் பெருவிருப்புடையோர். அவற்றைப் பாடத் தெரிந்த ஏதெனியர் சிலர் உணவும் நீரும் பெற்றனர்; சிலர் விடுதலையும் அடைந்தனர். பேரரசின் கப்பல்கள் காவாத உயிர்களைப் பகைவர்க்காக அழக் கற்பித்த புலவரின் பாட்டுக் காத்தது. ஊர் மீண்டோர் பலர் யூரிப்பிடீஸை நேரிற் கண்டு நன்றி கூறினராம்.