கமராவின் பழுதுற்ற புள்ளிகளை அறியும் முறை

மட்டக்களப்பு வாவியில், நிறைநிலா இரவுகளிற் கல்லடிப் பாலத்தின் அருகே எழும் இன்னோசை உலகறிந்தது. தோணியிலிருந்து துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியிற் செவி வைத்து அதனைக் கேட்பர். கேட்பவர் முதலிற் செய்ய வேண்டுவது யாது? தோணியின் முனகலையும் அலையின் மோதலையும் வேறாகப் பிரித்தறிதலேயாம். அவ்வாவியை இரவிற் படம்பிடிப்போர்க்கும் இஃது ஒக்கும். படத்திற் காணும் ஒளிப்புள்ளி விண்மீனோ, மீனவர் விளக்கோ, அன்றிக் கருவியின் பழுதோ எனத் துணிந்த பின்னரே அப்படம் சான்றாகும்.

1969ஆம் ஆண்டிற் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பாயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவரும் சீ.சீ.டீ. என்னும் ஒளியுணரியை வகுத்தனர். 2009ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசில் அவர்கள் பங்கு பெற்றமை இதன்பொருட்டே. இந்நாட் கமராக்களிற் பெரும்பாலன சீமொஸ் வகையின எனினும், அடிப்படை ஒன்றே. சிலிக்கன் தகட்டிலுள்ள பல இலட்சம் நுண்கலங்கள் ஒளியை இலத்திரன்களாக மாற்றிச் சேர்க்கின்றன. அக்கலம் ஒவ்வொன்றும் பிக்சல் எனப்படும்.

பழுது மூவகைப்படும். ஒளிபட்டாலும் கருமையாகவே நிற்பது இறந்த பிக்சல். எப்பொழுதும் ஒரே ஒளிர்வில் நிற்பது சிக்கிய பிக்சல். குறுகிய நேரப் படத்தில் அடங்கியிருந்து, நீண்ட நேரப் படத்தில் ஒளிர்வது வெம்பிக்சல். ஒளியின்றியே வெப்பத்தாலும் இலத்திரன்கள் எழுதலே மூன்றாவதற்குக் காரணம். ஏறத்தாழ 6 முதல் 8 பாகை செல்சியசு வெப்பம் உயருந்தோறும் இம்மின்னோட்டம் இருமடங்காகும். ஆதலின் நம் கீழ்க்கரையின் வெம்மையில் அப்பழுது மிகுந்து தோன்றுதல் இயல்பே. விண்ணிற் சுற்றும் ஹபிள் தொலைகாட்டியிலோ, கதிர்வீச்சாற் பழுதுற்ற பிக்சல்களைக் குறைக்க, உணரிகளை மாதந்தோறும் சூடேற்றுவர்.

இனி, சோதிக்கும் முறையைக் காண்போம். முதலில், பழுது திரையிலா உணரியிலா என அறிக. எடுத்த படத்தைத் திரையிற் பெருப்பித்து நகர்த்துக. புள்ளி படத்தோடு நகராது நின்றவிடத்தே நிற்பின், பழுது திரையினது, படத்திற்கு ஊறில்லை. படத்தோடு நகரின், உணரியை ஐயுறுக.

அடுத்து, வில்லையை மூடியால் மூடி, இரைச்சல் நீக்கும் அமைப்பை நிறுத்தி, 1/60 செக்கனில் ஒன்றும், 30 செக்கனிற் சிலவுமாகப் படமெடுக்க. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒளிர்வது சிக்கிய பிக்சல். நீண்ட படங்களில் மட்டும் அவ்வாறு ஒளிர்வது வெம்பிக்சல். படத்திற்குப் படம் இடம் மாறுவது தற்செயல் இரைச்சலே. பின்னர், வெண்டாளைக் குவியந் தவிர்த்து எடுக்க. அதிற் கூரிய கரும்புள்ளி இறந்த பிக்சல். துவாரத்தைச் சுருக்குந்தோறும் தெளிந்து, விரிக்குந்தோறும் மங்கும் கறை தூசியே. அது துடைத்தால் நீங்கும்.

வாவியே ஒரு சோதனைக்கூடமுமாகும். அசையா நீரிற் பிரகாசமான விண்மீனுக்கு நிழலுருவம் உண்டு. பழுதுற்ற பிக்சலுக்கு அஃதில்லை. மேலும், கமராவை அசையாது நிறுத்தி நெடுநேரம் எடுப்பின், புவியின் சுழற்சியால் விண்மீன் கோடாகும். பிக்சலோ புள்ளியாகவே நிற்கும். துருவ விண்மீன் ஒன்றே இவ்விதிக்கு ஏறக்குறைய விலக்கு. நமது அகலக்கோடு 7.7 பாகையாதலின், அது வடக்கே தொடுவானையடுத்துத் தாழ நிற்கும். அவ்விடத்துப் புள்ளியை விரைந்து பழுதெனத் தள்ளற்க.

பரிகாரமும் உண்டு. சில கமராக்கள் பழுதுற்ற பிக்சலைக் குறித்துக்கொண்டு, அயற்பிக்சல்களின் மதிப்பால் அதனை நிரப்பும். மூடியிட்டு அதே நேரவளவில் எடுத்த இருட்படத்தை முதற்படத்திலிருந்து கழித்தல் மற்றொரு வழி. 2 கோடியே 40 இலட்சம் பிக்சல்களில் நூறு பழுதுறினும், அஃது இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவே. ஆதலின் பிறர் பயன்படுத்திய கமராவை வாங்க எண்ணும் மாணவர், சில புள்ளிகளைக் கண்டு அஞ்சவேண்டா. சோதியாது பொருள் கொடுத்தலும் வேண்டா.

கருவியின் குறையைக் கருவியினதென்று ஒப்புதலே ஆராய்ச்சியின் முதற்படி. அதனை அறியாதவர், வானில் இல்லாத மீனை இருப்பதாகச் சாதிப்பர். அறிந்தவரோ, உள்ளதை உள்ளவாறு காண்பர்.