நசுங்க வேண்டிய பம்பரும் அசையக் கூடாத வின்ச்சும்

ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் மேற்கே திரும்பினால், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை வரும். நம் நாட்டில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் மிகுதியாக உருவாகும் பகுதிகளுள் இது ஒன்று. ஷிப்டு மாறும் நேரத்தில் இந்தச் சாலையில் சற்று நின்று பாருங்கள். வரிசையாகச் செல்லும் வேன்களில் ஏதேனும் ஒன்றின் முகப்பில், கம்பெனி பொருத்திய பம்பருக்குப் பதிலாகப் பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் செய்த பம்பர் கண்ணில் படலாம். மலைப்பாதை, மணல், சேறு என்று வண்டியை ஓட்ட விரும்புவோர் அதன் நடுவே ஒரு வின்ச்சையும் வைத்துக்கொள்கிறார்கள். மோட்டாரால் சுழலும் ஓர் உருளை, அதில் சுற்றிய வடம், இதுதான் வின்ச். சேற்றில் சிக்கிய வண்டி, வடத்தின் முனையை ஒரு மரத்தில் கட்டிவிட்டுத் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரையேறும்.

இரும்பு கனத்தால் பாதுகாப்பும் கூடும்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஒரு வேன், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,93,000 ஜூல். இதே வேகத்தைப் பெற அந்த வேனைக் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே போட வேண்டும்! சுவரில் மோதி வண்டி நிற்கும்போது இவ்வளவு ஆற்றலும் எங்காவது செலவாகியே தீர வேண்டும். வண்டியின் முகப்பு 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவரின் எதிர்முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. முகப்பு 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது 32 மடங்காகிவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் மார்பிலும் தோளிலும் சீட் பெல்ட் முதல் நிலையில் ஒரு டன் அளவுக்கு அழுத்தும். இரண்டாவது நிலையில் ஏறக்குறைய இரண்டு டன். வேகமும் எடையும் மாறவில்லை. நின்ற தூரம் பாதியானது, விசை இரட்டிப்பானது. அவ்வளவுதான்.

ஆகவே, மோதிய பிறகு "பம்பருக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று பெருமைப்படுவது விந்தையான பெருமை. பம்பருக்கு ஆகாதது வேறு யாருக்கோ ஆகியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

முகப்பு நசுங்கட்டும், ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் உறுதியாக நிற்கட்டும் என்ற எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் பேலா பாரெனி என்ற பொறியாளர். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1951ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கோரினார். 1959இல் வெளிவந்த கார் ஒன்றில் அது நடைமுறைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் வழிவந்த டைம்லரின் லாரித் தொழிற்சாலை, 2012இல் நம் ஒரகடத்திலேயே தொடங்கப்பட்டது! வாகனங்களைச் சோதிக்கும் அரசு ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. மோதல் பாதுகாப்பு அதன் சிறப்புத் துறைகளுள் ஒன்று. கார் வகை வண்டிகளுக்கு இந்தியாவில் விதிக்கப்பட்டுள்ள சோதனை ஒன்றில், மணிக்கு 56 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 சதவீத அகலம் மட்டும் தடுப்பில் படும்படி வண்டியை மோதவிடுகிறார்கள். 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். எந்தத் தகடு எந்த இடத்தில் எப்படி மடிய வேண்டும் என்று கணக்கிட்டுத் தேறிய முகப்பு அது. அதன் முன்னால் ஒரு கனத்த குழாயைச் சட்டகத்தோடு நேராக இணைத்துவிட்டால், தேறிய வண்டி வேறு, நீங்கள் ஓட்டும் வண்டி வேறு.

காற்றுப்பையின் கதையும் இதுவே. வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை உணர்கருவி அளந்துதான் பையை விரிக்க ஆணையிடுகிறது. முகப்பின் விறைப்பு மாறினால் அளவீட்டின் போக்கும் மாறும். விரிய வேண்டிய நேரத்தில் விரியாமலோ, வேண்டாத நேரத்தில் விரிந்தோ போகலாம். சாலையில் நடப்பவரை மறந்துவிடக் கூடாது. கம்பெனி பம்பரின் பிளாஸ்டிக் உறை முழங்காலில் படுவதும் இரும்புக் குழாய் படுவதும் ஒன்றல்ல.

இவற்றையெல்லாம் கருதித்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கூடுதல் பம்பர்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. அதற்கு அடிப்படை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு.

சரி, வின்ச்சுக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் சுவையாகிறது. மோதலின்போது முகப்பு மடிய வேண்டும் என்றோம். வின்ச்சுக்கோ எள்ளளவும் மடியாத பிடிமானம் தேவை. நம் வேனை இழுக்க, எடையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது மூன்று டன்னாவது இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. கம்பெனி பம்பரைத் தாங்கும் மெல்லிய தகடுகளில் அதை மாட்டினால் வண்டி அப்படியே இருக்கும், பம்பர் மட்டும் மரத்தடிக்குப் போய்ச் சேரும்! எனவே பட்டறைக்காரர் கனத்த தகட்டைச் சட்டகத்தின் இரு நீளக் கட்டைகளோடும் போல்ட் போட்டு இறுக்குகிறார். வின்ச்சைப் பொறுத்தவரை அவர் செய்வது முற்றிலும் சரி. மோதலைப் பொறுத்தவரை அதுவே தவறு. ஒரே இடத்தில் இரண்டு வேலைகள், நேர் எதிரான இரண்டு தேவைகள். தனிச் சட்டகமே இல்லாமல் உடலும் சட்டகமும் ஒன்றாக அமைந்த சிறு வேன்களில் இந்தச் சங்கடம் இன்னும் கூடுதல்.

எடையையும் பாருங்கள். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோ என்போம். முன் அச்சுக்கு 70 செ.மீ. முன்னால் அவை தொங்குகின்றன. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர். நெம்புகோல் விதிப்படி முன் அச்சின் சுமை 100 அல்ல, 125 கிலோ கூடுகிறது. பின் அச்சிலிருந்து 25 கிலோ குறைகிறது. பின் சக்கரத்தால் ஓடும் வண்டி என்றால், சேற்றில் பிடிப்பு வேண்டிய சக்கரத்தையே நாம் தூக்கிவிட்டோம்.

வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். 4,300 கிலோ என்று இருந்தால், அது உருளையில் முதல் சுற்றடுக்கு மட்டும் இருக்கும் நிலைக்கு உரியது. உருளையின் விட்டம் 6.4 செ.மீ., வடத்தின் தடிமன் 8 மி.மீ. எனில், முதல் அடுக்கில் வடம் மையத்திலிருந்து 3.6 செ.மீ. தள்ளி இருக்கும். நான்காவது அடுக்கில் 6 செ.மீ. முறுக்குவிசை அதேதான், ஆரம் கூடியதால் இழுவிசை 2,580 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. வடத்தை மிகுதியாக வெளியே விட்டு இழுப்பதன் இரகசியம் இதுதான்.

இன்னும் விசை வேண்டுமா? ஒரு கப்பி போதும். கிணற்றுக் கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றுகிறது. ஆனால் மரத்தில் கட்டிய கப்பியில் வடத்தைச் சுற்றி, முனையை மீண்டும் வண்டியின் சட்டகத்திலேயே மாட்டினால், இரண்டு இழைகள் வண்டியை இழுக்கின்றன. விசை இரட்டிப்பு, வேகம் பாதி. வெளியே போகும் வடமும் இரு மடங்காவதால் உருளையின் கீழடுக்குக்கும் வந்துவிடுகிறோம். மரத்தின் மேல் விழும் விசையும் இரட்டிப்பாகும் என்பதை மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

முழுச் சுமையில் இத்தகைய வின்ச் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 400 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். ஆல்டர்னேட்டரால் அதில் சிறு பகுதியைத்தான் ஈடுசெய்ய முடியும். ஆகவே சிறிது இழுத்து, சிறிது ஓய்வு கொடுக்க வேண்டும்.

பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு என் யோசனை, முகப்பை அப்படியே விட்டுவிட்டு, கையால் இயக்கும் வின்ச் ஒன்றைப் பின்னால் சாமானோடு வைத்துக்கொள்வது. தேவைப்படும்போது வண்டியின் இழுவைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். கொக்கி தாங்கும் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கை வலிக்கும், மெதுவாகத்தான் நகரும். ஆனால் 100 கிலோ சுமையை ஆண்டு முழுவதும் மூக்கில் தொங்கவிட வேண்டியதில்லை.

எந்த வின்ச் ஆனாலும், இழுக்கும் வடத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. 25 மீட்டர் கம்பிவடம் மூன்று டன் இழுவிசையில் ஒரு சதவீதம் நீண்டாலும் கால் மீட்டர். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3,700 ஜூல். அறுந்தால் சாட்டை போல வீசும். அதனால்தான் வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அறுந்த முனை பறக்காமல் சாக்கின் எடை அதைக் கீழே இழுத்துவிடும்.