எட்டு மில்லிமீட்டருக்குள் ஒரு குண்டு

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். அதைச் சுற்றி எட்டு எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்த வட்டங்கள். பெல்லட் என்ற சிறு குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதன் விளிம்பு வட்டக்கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைத்துவிடும். ஆகவே துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பத்து, 16க்குள் ஒன்பது, 24க்குள் எட்டு, 32க்குள் ஏழு. ஒரு கையை மட்டும் நீட்டி, எதன் மீதும் சாயாமல், 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். முழு மதிப்பெண் 600.

பொழுதுபோக்காக இந்த விளையாட்டுக்குள் வருபவர்கள் சில மாதங்களிலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கிளப்பின் பழைய பிஸ்டலில் 480, 500 என்று தேங்கி நிற்கும் மதிப்பெண், சொந்தமாக ஒரு நல்ல பிஸ்டல் வாங்கினால் ஏறுமா? போட்டிக்கென்றே செய்யப்பட்டு இறக்குமதியாகும் மேட்ச் பிஸ்டல் ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய முடிவு அல்ல. நல்லவேளையாக, இந்தக் கேள்விக்கு அபிப்பிராயத்தை நம்ப வேண்டியதில்லை. அளந்தே பதில் சொல்லிவிடலாம்.

முதலில் துப்பாக்கி. ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மோரினி, இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகியவை இன்று பெரிய போட்டிகளில் அதிகம் காணப்படும் பெயர்கள். குழாய்க்குக் கீழே உள்ள சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அதில் ஓர் அளவான பங்கு மட்டும் வெளியேறி, அரை கிராம் எடையுள்ள பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தை ஒட்டி அனுப்பும். இந்தப் பிஸ்டல்களை விற்கும்போது, தொழிற்சாலையில் இரும்புத் தாங்கியில் பூட்டி 10 மீட்டரில் சுட்டுப் பார்த்த அட்டை ஒன்றையும் பெட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அதில் பல குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாய்ந்து, ஒரே துளைபோல இருக்கும். மனிதக் கை இடையில் இல்லாவிட்டால் இந்தக் கருவி பத்தைத் தவிர வேறு எதையும் சுடாது.

இதில் யாரும் தனி ஆதாயம் தேடிவிடாதபடி சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமும் கருவியைக் கட்டிப்போட்டிருக்கிறது. பிஸ்டலின் எடை 1500 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் கொண்ட பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும். குறிபார்க்கும் சைட்டில் லென்ஸும், லேசரும் கிடையாது. பிடி மணிக்கட்டைத் தாங்கக்கூடாது. காலணி கணுக்காலை மூடக்கூடாது. இத்தகைய விதிகள் அனுபவத்தில் பிறந்தவை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் அணி, குழாய் கைக்குக் கீழே அமையும்படி தலைகீழாக வடிவமைத்த விரைவுச் சுடு பிஸ்டலைக் கொண்டுவந்தது. சுடும்போது முனை துள்ளுவதை அது வெகுவாகக் குறைத்தது. பின்னர் விதியை மாற்றி அதைத் தடுத்தார்கள்.

பிஸ்டலின் பின்புறம் ஒரு பள்ளம், முனையில் ஒரு சிறு தூண். சுடுபவர்கள் ரியர் சைட், ஃப்ரன்ட் சைட் என்பார்கள். பள்ளத்துக்குள் தூண் நடுவாகத் தெரிய வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்புகள் ஒரே மட்டம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 330 மில்லிமீட்டர். தூண் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி அந்தப் பிழை முப்பது மடங்காகி 30 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும். ஆனால் சைட்டுகள் ஒழுங்காக இருக்க, கை முழுவதும் அப்படியே 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டால்? குண்டும் 1 சென்டிமீட்டர்தான் விலகும், ஒன்பது கிடைக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டர் கோணல், ஒரு சென்டிமீட்டர் ஆட்டத்தைவிட மூன்று மடங்கு கொடியது.

புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கை ஆடுவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கண்டு பதறி, இலக்கின் கறுப்பு வட்டத்துக்கு அடியில் தூண் சரியாக வந்து நிற்கும் அந்த நொடியைப் பிடிக்க விரலை வெடுக்கென்று இழுக்கிறார்கள். இழுத்த இழுப்பில் மணிக்கட்டு அசைந்து சைட் கோணலாகிறது. கை ஆட்டம் தரவிருந்த ஒன்பதை விரல் ஆறாக்கிவிடுகிறது. கையை முற்றிலும் ஆடாமல் நிறுத்தும் மனிதர் உலகில் இல்லை. ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு நடுவே விரலைச் சீராக அழுத்துவதுதான் இந்த விளையாட்டின் சாரம். இதை விலைகொடுத்து வாங்க முடியாது.

கருவிக்கும் கைக்கும் உள்ள பங்கைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒன்றையொன்று சாராத இரண்டு பிழைகள் சேரும்போது அவை நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் போலக் கூடுகின்றன. ஒருவருடைய கை தரும் சிதறல் 24 மில்லிமீட்டர், பழைய பிஸ்டல் தரும் சிதறல் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 29 அல்ல, 24.5 தான். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிழையே இல்லாத பிஸ்டலை வாங்கினாலும் அவருக்கு மிச்சமாவது அரை மில்லிமீட்டர். அதே பழைய பிஸ்டலை, 6 மில்லிமீட்டர் மட்டுமே சிதறும் தேர்ந்த கை ஒன்றில் கொடுத்தால் மொத்தம் 7.8 ஆகிவிடும். அவருக்குக் கருவியை மாற்றுவது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆதாயம். பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையிலான கோட்டில் நிற்பவருக்கு அது பெரிய தொகை. ஆகக் கருவியின் பங்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. கை தேறத் தேறத்தான் அது வளர்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. கிளப்புகளாவது சொல்ல வேண்டும்.

இதனால் எந்தக் கருவியும் போதும் என்று ஆகிவிடாது. சொரசொரப்பான, கனத்த ட்ரிக்கர் உள்ள மலிவான ஸ்பிரிங் பிஸ்டல் கற்றலையே கெடுத்துவிடும். விரல் சரியாக அழுத்தியும் குண்டு எங்கோ போனால், எது தன் தவறு, எது கருவியின் தவறு என்று பிரிக்க முடியாது. கற்பவருக்குத் தேவை, பொய் சொல்லாத துப்பாக்கி. கையால் ஒருமுறை நெம்பிக் காற்றடைக்கும் ரஷ்யாவின் இஷ்-46எம் போன்ற பழைய, எளிய பிஸ்டலே அந்தத் தகுதியை நிறைவேற்றிவிடும். கிளப்புகளில் கைமாறிக் கைமாறி வரும் பழைய மேட்ச் பிஸ்டல்களும் அப்படித்தான்.

புதியவர் முதலில் கவனிக்க வேண்டிய பாகம் பிடி. வால்நட் மரத்தில் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில் அது வருகிறது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உள்ளங்கை அதே இடத்தில் பொருந்தி, பிஸ்டலை உயர்த்தியவுடன் சைட்டுகள் தாமாகவே நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அரத்தால் தேய்த்தும், மரப்புட்டி வைத்து மேடாக்கியும் சரிசெய்துகொள்வது வழக்கம். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலை, லட்ச ரூபாய் வித்தியாசத்தைவிட அதிகப் புள்ளி தரும். அடுத்து கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நீட்டிய கையின் முனையில் உள்ள தூண் மங்கத் தொடங்கும். அந்தத் தூரத்துக்கென்று கண் மருத்துவரிடம் சொல்லி ஒரு கண்ணாடி செய்துகொள்வது நல்ல முதலீடு.

பயிற்சி என்றவுடன் டப்பா டப்பாவாகப் பெல்லட்டைச் சுட்டுத் தீர்ப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. தேர்ந்த பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித் தருவது குண்டே இல்லாத பயிற்சி. மேட்ச் பிஸ்டல்களில், காற்று வெளியேறாமல் ட்ரிக்கர் மட்டும் இயங்கும் ஏற்பாடு இருக்கும். டிரை ஃபயர் என்று அதற்குப் பெயர். பிஸ்டலில் பெல்லட் இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஆட்கள் நடமாடாத திசையில் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து உயர்த்தி, தூணில் மட்டும் கண்ணை வைத்து விரலை அழுத்த வேண்டும். இலக்கு இல்லாததால் பத்து என்ற ஆசையும் இல்லை. விரல் அழுத்தும் கணத்தில் தூண் அசைகிறதா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மனிதக் கண்ணால் ரியர் சைட், ஃப்ரன்ட் சைட், இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. தூண் தெளிவாகவும் இலக்கு மங்கலாகவும் இருக்கட்டும் என்று விட்டுவிடும் துணிவு இந்தச் சுவர்ப் பயிற்சியில்தான் வருகிறது.

இன்னொன்று, சுடாமல் இறக்குவது. பிஸ்டல் குறிக்கு வந்து நிலைத்த பிறகு சில நொடிகளே நல்ல நேரம். பத்து நொடியை நெருங்கும்போது மூச்சுக் குறையும், கண் களைக்கும், ஆட்டம் கூடும். அதற்குள் குண்டு போகவில்லை என்றால் கையை இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எளிமையாகத் தோன்றும் இந்த ஒழுக்கத்தைப் போட்டியில் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. எடுத்த கை சுட்டே தீர வேண்டும் என்ற வீம்பில்தான் ஏழும் ஆறும் பிறக்கின்றன. இப்படி இறக்கி ஏற்றுவதையும் சேர்த்தால் ஒரு போட்டியில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை எண்பது, நூறு முறை தூக்க நேரும். தோளுக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி வேண்டும் என்பது அதனால்தான். குண்டு கிளம்பிய பிறகும் ஒன்றிரண்டு நொடி சைட்டைப் பார்த்தபடி நிற்பதும் பழகிக்கொள்ள வேண்டியது. அப்போதுதான் அந்தக் குண்டு எப்படிப் போயிற்று என்று அட்டையைப் பார்க்காமலே சொல்ல வரும்.

சுடுவதற்கு முந்தைய நொடிகளில் முனை நகர்ந்த தடத்தைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஸ்காட் போன்ற மின்னணுக் கருவிகளும் இருக்கின்றன. வெடுக்கென்ற இழுப்பு அதில் ஒளிந்துகொள்ள முடியாது. கருவிக்கென்று பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பவர்கள் இரண்டாவது பிஸ்டலுக்கு முன் இதைப் பற்றி யோசிக்கலாம்.

கையைப் பழக்கினால் எது வரை போகலாம் என்பதற்கு ஹங்கேரியின் காரோலி தகாச் பெரிய சான்று. 1938இல் ராணுவப் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. சுட்டுப் பழகிய கை அது. இடது கையால் மீண்டும் அடியிலிருந்து தொடங்கி, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் விரைவுச் சுடு பிஸ்டலில் 580 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சின்கியிலும் தங்கம். தென்கொரியாவின் ஜின் ஜாங்-ஓ, 2009இல் சாங்வோனில் ஏர் பிஸ்டலில் 600க்கு 594 எடுத்தார். அதன் பிறகு உற்பத்தியாளர்கள் எத்தனையோ புதிய மாடல்களைக் கொண்டுவந்தும், 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடியும்வரை அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை.

பாரிஸில் உலகமே பேசியது துருக்கியின் யூசுஃப் திகேச்சைப் பற்றி. 51 வயது, சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு கை கால்சட்டைப் பையில். கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி. கருவியே வேண்டாம் என்பதற்கு அவர் படத்தைச் சான்றாகக் காட்டுவது தவறு. அவர் கையில் இருந்ததும் முழுமையான மேட்ச் பிஸ்டல்தான். சும்மா இருக்கும் கையைப் பையில் விடுவது உடல் ஆடாதிருக்கப் பிஸ்டல் சுடுபவர்கள் பலரும் செய்வது. அதே பாரிஸில் தென்கொரியாவின் கிம் யே-ஜி, மறைப்புத் தகடும் தனி லென்ஸும் பூட்டிய சட்டகத்தை அணிந்து வெள்ளி வென்றார். திகேச் விட்டுவிட்டவை துணைப்பொருள்களை மட்டுமே. 2008 முதல் ஒலிம்பிக்கில் சுட்டு வருபவருக்கு அவை தேவைப்படவில்லை.

கருவி ஒருவரைக் கவிழ்க்கவும் கூடும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கரின் பிஸ்டல், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாயிற்று. சரிசெய்வதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன; மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு முடித்தும் 575 எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி போதவில்லை. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வென்றார். விலையைவிடப் பராமரிப்பு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ரப்பர் வளையங்களைக் காலத்தில் மாற்றுவது, சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பார்ப்பது, போட்டிக்கு முன் எல்லாத் திருகுகளையும் சோதிப்பது ஆகியவை பொழுதுபோக்குக்காகச் சுடுபவரும் செய்ய வேண்டியவை.

புதிதாகச் சேர்பவர் முதல் ஆண்டில் கிளப்பின் பிஸ்டலிலேயே சுடட்டும். பணத்தைப் பயிற்சியாளருக்கும் ரேஞ்சுக்கும் பெல்லட்டுக்கும் செலவிடட்டும். சொந்தப் பிஸ்டல் வாங்கும் நாளில், கைக்குப் பொருந்தும் பிடியும் சுத்தமான ட்ரிக்கரும் உள்ள பழைய மேட்ச் பிஸ்டல் போதும். 560ஐத் தொடர்ந்து தொடுபவருக்குத்தான் புதிய பிஸ்டல் புள்ளி சேர்க்கும்.